பறை என்னும் பேச்சு



‘பறை’ என்னும் சொல்லுக்குத் தோற்கருவி என்பதும் பொருள். சொல்லுதல் என்பதும் பொருள். மலையாளத்தில் ‘பறயுக’ என்பது இன்றும் பேசுதலையே குறிக்கிறது. முழக்கத்தையும் பேச்சையும் ஒரு சொல்லால் சுட்டிய மக்கள், பறையை ஊரின் வாயாகவே கொண்டனர் எனலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டு அசாந்தி மக்களிடமும் இவ்வெண்ணம் உண்டு. அவர்தம் துவி மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கமே சொற்பொருளை வேறுபடுத்தும். ஆதலின் ‘அதும்பன்’ என்னும் இணைமுரசு, உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் கொண்டு சொற்றொடரையே முழக்க வல்லது. தமிழ் அத்தகைய மொழியன்று. இங்கே முழங்கும் இடமும் காலமும் முறையுமே பொருள் தந்தன.

தொல்காப்பியம் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் கருப்பொருளாக வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என வகுத்தனர் உரையாசிரியர். ஒலி கேட்டவர் நிலத்தையும் தொழிலையும் அறிந்தனர். ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிப்பதைக் காட்டியே, பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் உலகியல்பை உணர்த்தினார்.

திருச்சிராப்பள்ளி மண்ணுக்கும் இதில் பங்குண்டு. அகநானூற்றின் 137ஆம் பாட்டில் உறையூர் முதுகூத்தனார், சோழரின் வெற்றிமுரசையும் உறந்தையையும் பேரியாற்றங்கரைப் பங்குனி விழாவையும் ஒருங்கே நினைக்கிறார். எனினும் தலைவியின் ஒளியிழந்த நெற்றிக்கு அவர் கண்ட உவமை, விழா ஓய்ந்த மறுநாளின் தீயில்லா அடுப்புகளே. அப்பங்குனியில்தான் திருவரங்கத்துப் பெருமாள் இன்றும் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார்.

முரசுகட்டிலில் உறங்கிய புலவர் மோசிகீரனாருக்குச் சேரமான் கவரி வீசினான். அம்முரசை முழக்கியவன் பெயரோ நமக்கு எட்டவில்லை. துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையே குடிகளாக எண்ணிப் பாடினார் மாங்குடி கிழார். பிற்காலச் சமுதாயமோ கருவியைச் சாவுக்கு ஒதுக்கி, முழக்கியவரைச் சேரிக்கு ஒதுக்கியது. கட்டாய ஊழியமாக வந்த பறையை இனித் தொடோம் என்று மறுத்தோர் உண்டு. அதனையே உரிமைக்குரலாக்கி மேடையேற்றியோரும் உண்டு. இரண்டும் தன்மானத்தின் வெளிப்பாடே. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. காலம் கடந்து வந்த மதிப்பு எனினும் வரவேற்கத்தக்கது.

தாளத்தின் துணையில் வளர்ந்தது தமிழ்க் கவிதை. ஆகவே பத்தாம் ஆண்டு காணும் இவ்வவைக்கு ஒரு கடன் உண்டு. பறையைப் பாடுதல் மட்டும் போதாது. அதனை முழக்குவோரை அவையின் நடுவே அமர்த்தி, அவர் சொல்லையும் கேட்டல் வேண்டும்.