தளத்துக்குத் தளம் அனுமதி

ஒரு இணையதளம் உங்கள் கேமராவைத் திறக்க நினைத்தால் உலாவி முதலில் உங்களிடம் கேட்கிறது. மைக்குக்குக் கேட்கிறது, நீங்கள் இருக்கும் இடத்தை அறியக் கேட்கிறது, அறிவிப்பு அனுப்பவும் கேட்கிறது. ஆனால் அதே தளம் உங்கள் கணினியில் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது உலாவிக்குள் இயங்கும் ஒரு நிரலை, ஓட்ட எந்தக் கேள்வியும் எழுவதில்லை. நீங்கள் முகவரி தட்டிப் போன தளம் மட்டுமா என்றால், அதுவும் இல்லை. அது அழைத்து வருகிற விளம்பர நிறுவனம், பார்வையாளர் கணக்கெடுப்பவர், வீடியோ தருபவர், எழுத்துரு தருபவர் என்று நீங்கள் பெயரே கேள்விப்படாத பலரும் தங்கள் ஸ்கிரிப்டை உங்கள் கணினியில் ஓட்டிவிட்டுப் போகிறார்கள். கல்யாணத்துக்கு ஒருவரைத்தான் அழைத்தோம், அவர் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கிய கதைதான்.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இந்த ஸ்கிரிப்டுகளை எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியபோது, பக்கத்தில் ஒரு படிவத்தைச் சரிபார்ப்பது, ஒரு பொத்தானை இயங்க வைப்பது போன்ற சிறு வேலைகளுக்கே அது பயன்பட்டது. இன்று மின்னஞ்சல், வரைபடம், வங்கிக் கணக்கு எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. வேலை இவ்வளவு பெருகியும், கேட்காமல் ஓடும் அந்தப் பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்தக் கேள்வியை நம் கைக்குக் கொண்டுவரும் ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். எந்தத் தளத்துக்கு எதை அனுமதிப்பது என்று ஒவ்வொன்றாக நாமே தீர்மானிப்பது அது.

இதற்கு வழி திறந்தவர் இத்தாலியின் பலெர்மோ நகரைச் சேர்ந்த ஜோர்ஜோ மாவோனே. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனாக 2005இல் அவர் வெளியிட்டது ‘நோஸ்கிரிப்ட்’. அதை நிறுவிய பிறகு எந்தப் புதிய தளத்திலும் ஸ்கிரிப்ட் ஓடாது. மேலே உள்ள சிறு அடையாளத்தைத் தொட்டால், அந்தப் பக்கம் யார் யாரிடமிருந்து எதையெல்லாம் எடுக்கப் பார்க்கிறது என்று ஒரு பட்டியல் விரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தெரிவுகள் இருக்கும்: நம்பலாம், தற்காலிகமாக நம்பலாம், நம்ப வேண்டாம், அல்லது ஸ்கிரிப்ட், வீடியோ, எழுத்துரு, சட்டகம் என்று தனித்தனியாகப் பிரித்து அனுமதிக்கலாம்.

அந்தப் பட்டியலை முதன்முதலில் பார்க்கிறவருக்கு அதுவே ஒரு பாடம். ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறீர்கள். செய்தியும் படமும் வந்துவிட்டன, படிக்க முடிகிறது. பட்டியலிலோ வரிசையாகப் பெயர்கள் காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடத் திறக்காமல் செய்தியைப் படித்து முடித்துவிடலாம். பக்கம் வேகமாக வருகிறது, டேட்டாவும் மிச்சமாகிறது. இந்தப் பழக்கத்தின் முதல் பெருமையாக நான் சொல்வது பாதுகாப்பை அல்ல. நாம் பார்க்கும் பக்கம் எத்தனை பேரால் ஆனது என்று கண்ணால் காண வைக்கிறதே, அதைத்தான் சொல்வேன்.

பாதுகாப்புக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டனின் அரசுத் தளங்கள் உட்பட நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குள் ஒரு திருட்டு நிரல் புகுந்தது. பார்க்க வந்தவர்களின் கணினிச் சக்தியைச் சுரண்டி அது ‘மொனேரோ’ என்ற மின்காசை உருவாக்கியது. அந்தத் தளங்களில் எதையும் யாரும் உடைத்து நுழையவில்லை. படிக்கச் சிரமப்படுபவர்களுக்காகப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ‘பிரவுஸ்அலவுட்’ என்ற வெளிநிறுவன ஸ்கிரிப்டை அவை எல்லாம் சேர்த்திருந்தன. அந்த ஒன்றை மாற்றியதே போதுமானதாக இருந்தது. தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டிஷ் ஆணையத்தின் தளமும் அதில் சிக்கியது. அன்று நோஸ்கிரிப்டோடு போனவர், தளத்தை மட்டும் நம்பி வெளியாளை நம்பாமல் இருந்திருந்தால், அவருக்கு எதுவும் நேர்ந்திருக்காது.

ஆனால் அதே ஆண்டு நடந்த இன்னொன்று இந்தக் கருவியின் எல்லையைக் காட்டியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஏற்கனவே இருந்த ஒரு ஸ்கிரிப்டில் திருடர்கள் வெறும் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பயணிகள் தட்டிய கார்டு விவரங்களை அது எடுத்து, விமான நிறுவனத்துடையதுபோல் தோன்றும் வேறொரு டொமைனுக்கு அனுப்பியது. பாதிக்கப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்; 2020இல் நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம். டிக்கெட் வாங்க வந்தவர் அந்தத் தளத்தை நம்பித்தானே ஆக வேண்டும்? நம்பினால் திருட்டு வரிகளும் சேர்ந்தே ஓடும். ஸ்கிரிப்டை மட்டும் காவல் காப்பது இங்கே உதவாது. பக்கத்திலிருந்து தகவல் எங்கே போகிறது என்பதையும் காக்க வேண்டும்.

அதைச் செய்தது ரேமண்ட் ஹில் உருவாக்கிய ‘யூமேட்ரிக்ஸ்’. என் கணிப்பில் இந்தக் கலையின் உச்சம் அதுதான். குக்கி, படம், ஸ்கிரிப்ட், பின்னணியில் நடக்கும் தகவல் பரிமாற்றம் ஆகியவை மேலே வரிசையாக, தளங்கள் பக்கவாட்டில், நடுவே பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள். வெளித் தளத்துக்குப் பின்னணியில் தகவல் அனுப்பும் கட்டம் இயல்பாகவே சிவப்பாக இருக்கும். இன்னொரு நுட்பம் எனக்கு அதைவிடப் பிடிக்கும்: ஒரு தளத்தில் தரும் அனுமதி அந்தத் தளத்தோடு நிற்கும். ஒரு வீடியோ நிறுவனத்தைப் பாட வகுப்புத் தளத்தில் அனுமதித்தால், செய்தித்தளத்தில் அது மூடியே கிடக்கும். வாழ்விலும் நாம் அப்படித்தானே நம்புகிறோம்? 2020இல் ஹில் அதன் பராமரிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு அது இன்றும் வருத்தம்தான். பராமரிப்பில்லாத காவல் கருவியை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. அவரே உருவாக்கிய ‘யூபிளாக் ஆரிஜின்’ எக்ஸ்டென்ஷனில், வெளியாள் ஸ்கிரிப்டுகளைத் தளவாரியாகத் தடுக்கும் வசதி இருக்கிறது. நோஸ்கிரிப்டும் பின்னால் வந்த பதிப்புகளில், எந்தத் தளத்தில் இருக்கும்போது இந்த அனுமதி என்று கேட்கக் கற்றுக்கொண்டது.

காவலாளியையே எவ்வளவு நம்புவது என்ற கேள்வியும் உண்டு. நீங்கள் போகும் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்கும் உரிமை இல்லாமல் இத்தகைய எக்ஸ்டென்ஷன் வேலை செய்யாது. 2009 மே மாதத்தில், நோஸ்கிரிப்டின் ஒரு பதிப்பு, பயனரிடம் சொல்லாமல் ‘ஆட்பிளாக் பிளஸ்’ என்ற வேறொரு எக்ஸ்டென்ஷனில் கைவைத்து, தன் சொந்தத் தளத்தின் விளம்பரங்கள் தடுக்கப்படாமல் பார்த்துக்கொண்டது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. மாவோனே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார். அதன் பிறகும், அடையாளத்தை மறைத்து உலாவ உதவும் டோர் உலாவி உள்ளிட்டவை நோஸ்கிரிப்டைத் தங்களோடு சேர்த்தே தருகின்றன என்றால், மூலநிரல் திறந்து கிடக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம். 2019 மே 4 அன்று வேறொரு விபத்து. எக்ஸ்டென்ஷன்களுக்கு, ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொசில்லா இடும் கையொப்பத்தின் சான்றிதழ் காலாவதியானது. உலகெங்கும் ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் முடங்கின, டோர் உலாவிக்குள் இருந்த நோஸ்கிரிப்டும் சேர்ந்து முடங்கியது. டோர் உலாவியை நம்பி உயிரைப் பணயம் வைத்துச் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்த முடக்கம் சின்ன விஷயமல்ல.

நம் ஊரில் இதைப் பழக நினைப்பவர் முதலில் தடுமாறும் இடம் பணம் செலுத்தும் பக்கம். கடையின் தளத்தில் தொடங்கி, பணப் பரிவர்த்தனை நிறுவனத்துக்குப் போய், ஓடிபி கேட்கும் வங்கிப் பக்கத்துக்குத் தாவி, மறுபடி கடைக்கே திரும்ப வேண்டும். நடுவில் ஒரு டொமைன் மூடியிருந்தால் பக்கம் வெறுமையாக நின்றுவிடும். அனுமதி கொடுத்தால் பக்கம் மறுபடி ஏறும். பரிவர்த்தனை அறுந்து, பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் தவிக்க நேரும். ஆகவே பணம் கட்டவும் அரசுப் படிவம் நிரப்பவும் தடையில்லாத வேறொரு உலாவியை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்து உலாவலுக்கு இதைப் பழகுங்கள். தூய்மைவாதிகள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் பாதி நாள் பழகி எல்லாவற்றையும் கழற்றி எறிவதைவிட இது எவ்வளவோ மேல்.

கைபேசியில் மட்டும் இணையம் பார்ப்பவர்களுக்கும் வழி உண்டு. ஆண்ட்ராய்டில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கிறது, அதில் நோஸ்கிரிப்டும் கிடைக்கிறது. தொடங்கும்போது ஒரு பக்கம் திறக்காவிட்டால், அந்தத் தளத்தின் சொந்தப் பெயரை மட்டும் முதலில் அனுமதியுங்கள். போதவில்லையென்றால், அதே நிறுவனத்துடையதுபோல் தெரியும் பெயரை. அதற்கும் அசையாவிட்டால் அந்தப் பக்கம் உங்களுக்கு அவ்வளவு தேவையா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

அனுமதி தரும்போது நிரந்தரமாகத் தராமல் தற்காலிகமாகத் தருவதே நல்லது. உலாவியை மூடியதும் அது தானாக அழிந்துவிடும். 'பாலிஃபில்' என்ற சேவையின் கதையைப் பாருங்கள். பழைய உலாவிகளிலும் புதிய தளங்கள் ஓட உதவிய நல்ல ஸ்கிரிப்ட் அது. பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜூன் மாதத்துக்குள், அதைச் சேர்த்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குள் தீய நிரல் வந்து சேர்ந்தது. கைபேசியில் வந்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பந்தயச் சூதாட்டத் தளங்களுக்கு அது தள்ளிவிட்டது. பெயர் மாறவில்லை, முகவரி மாறவில்லை, உரிமையாளர் மட்டும் மாறியிருந்தார். முன்பு எப்போதோ அந்தப் பெயருக்கு நிரந்தர அனுமதி கொடுத்து மறந்தவர்களின் பட்டியலில் அது பச்சையாகவே இருந்திருக்கும். உங்கள் நிரந்தரப் பட்டியலை ஒரே மூச்சில் படித்து முடிக்கும் அளவுக்குச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும்போது, எதற்காக அனுமதித்தோம் என்று நினைவுக்கு வராத பெயரை அப்போதே நீக்கிவிடுங்கள். தேவைப்பட்டால் அது மறுபடி உங்களைக் கேட்கும்.