கணினிக்கு நோன்பு மாதம் தெரியாது
(பொன்விழா வணிகக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்படி ஏற்பாட்டுக் குழுவினர் கேட்டபோது, "நான் கணினி நிபுணர் அல்லவே, பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்துவிட்டு மளிகை மொத்த வியாபாரம் பார்ப்பவன்" என்றேன். "அதனால்தான் கேட்கிறோம்" என்றார்கள். ஆகவே ஒரு வியாபாரியின் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் 200 ஊழியர்களுக்கு மேற்படாத அல்லது ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத நிறுவனங்களைச் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் என்கிறார்கள். எங்களிடம் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். இந்த அளவில்தான் சிரமம் அதிகம். சின்னக் கடை என்றால் எல்லாம் முதலாளியின் தலைக்குள் இருக்கும். பெரிய நிறுவனம் என்றால் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். நமக்கு இரண்டும் இல்லை.

மென்பொருள் விற்க வந்த தம்பி, "மூன்று வருட விற்பனைக் கணக்கைக் கொடுங்கள், எந்த மாதம் எதை எவ்வளவு வாங்கலாம் என்று அதுவே சொல்லிவிடும்" என்றார். 2023 முதல் 2025 வரையிலான கணக்கைக் கொடுத்தோம். பேரீச்சம்பழத்தை 2026 மார்ச் மாதத்துக்கு அதிகம் வைத்துக்கொள்ளச் சொன்னது. எங்கள் கிடங்கில் 28 ஆண்டுகளாக இருக்கும் மாமா (உறவு இல்லை, மரியாதைக்கு எல்லாரும் அப்படித்தான் அழைக்கிறோம்) தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது இங்கிலீஷ் மாசத்தைப் பார்க்குது."

இங்கே 2023இல் நோன்பு தொடங்கியது மார்ச் 23. 2024இல் மார்ச் 12. 2025இல் மார்ச் 2. 2026இல் பிப்ரவரி 19. வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே வந்துகொண்டே இருக்கிறது. 2026 மார்ச் பிறக்கும்போது நோன்பில் பத்து நாள் கழிந்துவிட்டது. கடைக்காரர்கள் எங்களிடம் வாங்கி முடிப்பதோ அதற்கும் வெகு முன்னால். கணினி சொன்னபடி சரக்கை இறக்கியிருந்தால் பெருநாளுக்குப் பிறகு பெட்டி பெட்டியாகக் கிடந்திருக்கும்.

கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வார விற்பனைக்குப் பக்கத்திலும் 'நோன்புக்கு எத்தனை வாரம், தீபாவளிக்கு எத்தனை வாரம்' என்று இரண்டு பத்திகள் சேர்த்தோம். அதன்பின் அது சொன்ன கணக்கும் மாமா மனக்கணக்காகச் சொன்னதும் ஏறக்குறைய ஒத்துவந்தன. 2030இல் நோன்பு ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் மறுமுறை என இரண்டு தடவை தொடங்கும். உங்களிடம் மென்பொருள் விற்க வருபவரிடம் இதை ஒரு கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள்.

உண்மையாகவே கைகொடுத்த இடம் ஆர்டர் எடுப்பது. உணவகக்காரர்கள் இரவு கடையடைத்த பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தமிழும் மலாயும் கலந்த குரல் பதிவு, கையால் எழுதிய சீட்டின் படம் என்று எல்லாம் வரும். முன்பெல்லாம் இரண்டு பேர் விடியற்காலையில் வந்து அதைக் கேட்டுக் கேட்டுப் பதிவார்கள். இப்போது இயந்திரம் படித்து வைத்துவிடுகிறது, ஆள் சரிபார்க்கிறார். ஆனால் அந்த நிலைக்கு வர நான்கு மாதம் ஆனது. எங்கள் பதிவேட்டில் ஒரே சரக்கு வரமிளகாய், காய்ந்த மிளகாய், டிரை சில்லி, சிலி கெரிங் என்று நான்கு பெயரில் கிடந்தது. "வழக்கமானது ரெண்டு மூட்டை" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வழக்கமானது எது? இதையெல்லாம் உட்கார்ந்து எழுதியது மனிதர்கள்தான். மென்பொருளுக்குத் தகுதியுள்ள நிறுவனங்கள் பாதிச் செலவு வரை அரசு மானியம் பெறலாம். இந்த நான்கு மாதத்துக்கான நேரத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. டிசம்பரில் வெங்காயத்துக்கும் போட்டது. பழைய விற்பனைக் கணக்கில் அதற்கு ஏது அறிகுறி? அப்போது உதவியது ஊருக்குப் போட்ட போன்தான். கடன் விஷயமும் அப்படித்தான். பணம் மெல்ல மெல்லத் தாமதமாகிவரும் வாடிக்கையாளரை இயந்திரம் நம்மைவிட முன்னதாகக் கண்டுபிடிக்கிறது. பட்டியலை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் "இவருக்குச் சரக்கை நிறுத்து" என்று அது சொன்ன ஒருவர், இருபது வருடமாகத் தாமதித்தாலும் ஒரு காசு பாக்கி வைக்காதவர். அவரிடம் பேச ஆள்தான் போனார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பெயர்களை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் மாமா கேட்டார்: "எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் இதுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு தம்பி?"

மென்பொருள் விற்பவரிடம் இதற்குப் பதில் இல்லை. அது அவர் வேலையும் இல்லை. அத்தாதான் பதில் சொன்னார், எழுத்தில். மாமாவின் சம்பளம் குறையாது, அவர் கையெழுத்தில்லாமல் இறக்குமதி ஆர்டர் எதுவும் போகாது, அவர் விரும்பும்வரை வேலை உண்டு. அதற்குப் பிறகுதான் மாமா முழுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். அதுவரை பாதியைத் தமக்குள் வைத்திருந்தார் என்பது பின்னால் புரிந்தது. அதில் தவறென்ன? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் நம் மாமாக்களுக்கு என்ன பதில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாருக்கும் நல்ல பதில் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் பதிந்த இருவரில் ஒருவர் இப்போது வாடிக்கையாளர்களை நேரில் பார்க்கப் போகிறார். அவருக்கு அது பிடித்திருக்கிறது. மற்றவர் வேறு வேலை தேடிக்கொண்டார். அந்த இடத்துக்கு நாங்கள் இன்னும் ஆள் எடுக்கவில்லை.

உங்கள் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன். வஸ்ஸலாம்.