குதிக்கால் நாண்



உயரமான தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுக்க முற்படும்போது நமது குதிக்கால் தானாகவே நிலத்தைவிட்டு எழுகின்றது. உடலின் முழுப் பாரமும் முன்பாதத்தில் தங்கி நிற்கின்றது. இச்சிறு செயலை நமக்குச் செய்து தருவன கெண்டைக்காலின் தசைகளும், அவற்றைக் குதிக்கால் என்புடன் பிணைக்கும் ஒரு நாணுமேயாம். அந்த நாண் எத்தகையது, அது அறுந்தால் எவ்வாறு அறிந்துகொள்வது என்பன பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

கெண்டைக்காலில் திரட்சியாகத் தென்படும் தசை இரு தலைகளை உடையது. அவை முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை என்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படுகின்றன. அதன் அடியில் தட்டையான வேறொரு தசை முழங்காலுக்குக் கீழே தொடங்குகின்றது. மேலுள்ளது ஓடவும் பாயவும் விரைந்து சுருங்கும்; அடியிலுள்ளது நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் சலியாது உழைக்கும். இவ்விரண்டும் கீழே குறுகி ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமான ஒரே நாணாகிக் குதிக்கால் என்பின் பின்புறத்திற் பதிகின்றன. மனித உடலிலுள்ள நாண்களுள் மிக வலியது இதுவே. கிரேக்க வீரன் அக்கிலீசு குதிக்காலில் அம்பு பாய்ந்து இறந்தான் என்னும் பழங்கதையையொட்டி, மேனாட்டார் இதனை அவன் பெயரால் வழங்குகின்றனர்.

தசை சுருங்கும்; நாண் தானாகச் சுருங்காது. தசையின் இழுவையை என்புக்குக் கொண்டுசெல்வதே அதன் தொழில். எனினும் அது வெறுங் கயிறன்று. கால் ஊன்றும்போது சற்றே நீண்டு, அடுத்த அடிக்கு மீண்டு, தான் ஏற்ற சக்தியின் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றது. ஓடும்போது அது உடல் நிறையைப் போலப் பல மடங்கு இழுவையைத் தாங்குகின்றது.

இத்துணை வலிய நாணுக்கும் ஒரு நலிந்த இடம் உண்டு. குதிக்காலுக்கு 2 முதல் 6 சென்ரிமீற்றர் மேலேயுள்ள பகுதிக்கு இரத்தவோட்டம் குறைவு. அறுதல் பெரும்பாலும் அங்கேயே நிகழ்கின்றது. முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்டவராய், வாரம் முழுவதும் அமர்ந்து பணியாற்றி, ஓய்வு நாளில் மட்டும் விளையாட இறங்கும் ஆடவரிடையே இது மிகுதி. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வு தோன்றும். திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இரார்.

2013 ஏப்ரல் 12ஆந் திகதி, அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் கோபி பிரையன்ற் அவர்களுக்கு ஆட்டத்தின் நடுவே இந்நாண் அறுந்தது. அதன் பின்னரும் அவர் எழுந்து நின்று, தமக்குக் கிடைத்த இரு தனி எறிகளையும் கூடையில் இட்டுவிட்டே வெளியேறினார். மறுநாள் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அவர் மீண்டும் ஆடியது டிசெம்பர் மாதத்திலேயாகும்.

நாண் அறுந்தவரும் நிற்கலாம், சில அடிகள் நடக்கலாம் என்பதை இது காட்டுகின்றதன்றோ? பாதத்தைக் கீழ்நோக்கி அசைக்கும் வேறு சிறு தசைகள் காலில் உண்டு. அவற்றின் நாண்கள் அறுவதில்லை. ஆதலின் பாதம் அசைகின்றது. அதைக் கண்டு, “இது வெறுஞ் சுளுக்கு” என எண்ணி, எண்ணெய் தேய்த்து உருவி, வாரக்கணக்காகக் காலங்கடத்துவோர் பலர். இதற்குள் அறுந்த முனைகள் விலகிவிடுகின்றன. பின்னர் நாண் நீண்டு, வலிமை குன்றிப் பொருந்துகின்றது.

மெய்யறிய இரு வழிகள் உள. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிக்காலை உயர்த்த இயலுமா என்பது ஒன்று. நாண் முழுதும் அறுந்திருந்தால் அது இயலாது. மற்றையது, 1957இல் சிம்மண்ட்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் விளக்கிய சோதனை. நோயாளி குப்புறப் படுத்து, பாதங்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கெண்டைத்தசையைக் கையால் அழுத்தினால் நலமான காலின் பாதம் கீழ்நோக்கிச் சாயும். நாண் அறுந்த காலின் பாதம் அசையாது கிடக்கும்.

ஐயம் எழுந்தால் காலை உருவாது, ஊன்றாது, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். காலந் தாழ்த்தாது சென்றால், பாதத்தைக் கீழ்நோக்கிய நிலையில் வைத்துக் கட்டுப்போட்டோ சத்திரசிகிச்சையாலோ நாணைப் பொருந்தச் செய்யலாம். எது ஏற்றதென்பதை வைத்தியரே முடிவு செய்வார்.

மேலும் ஒன்று. சிப்ரொபுளொக்சசின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் சிலரிடத்தில் நாணை நலிவிக்கும். முதியோருக்கும், ஸ்டீரொயிட் மருந்தையும் உடன் உட்கொள்வோருக்கும் இவ்வாபத்து அதிகம். அம்மருந்தை உட்கொள்ளுங் காலத்திற் குதிக்காலின் பின்புறம் நோவெடுத்தால் உடனே வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

நேயர்களே, பாதம் அசைகின்றது என்பதனால் நாண் பழுதின்றி இருக்கின்றது என முடிவு செய்துவிடாதீர்கள். குதிக்கால் எழுகின்றதா என்று பாருங்கள்.