துளைவழி நுழையும் ஒலி



ஏனாத்தூரைச் சூழ்ந்த காஞ்சி மண்ணுக்குத் துளையின் அருமை புதிதன்று. தறியின்மேல் அமர்ந்த ஜக்கார்டு பெட்டியில், அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழைகிறது. அதனோடு பிணைந்த பாவிழை மேலெழுகிறது. துளையில்லா இடத்தில் இழை கீழேயே தங்கிவிடுகிறது. சேலைக் கரையின் அன்னமும் மயிலும் துளைகள் அமைந்த இடத்தால் பிறப்பவை. ஒலியின் போக்கையும் துளைகளின் அளவும் இடைவெளியும் இவ்வாறே வகுக்கின்றன.

ஒளி, தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளையில் பெரிதும் முடங்கிப்போகும். ஒலியின் இயல்பு வேறு. நொடிக்கு 340 முறை அதிரும் குரலின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆயினும் அது சிறு துளையிலும் மெலிந்தேனும் நுழையும். துளையிலுள்ள காற்று தக்கைபோல் முன்னும் பின்னும் அசைந்து, மறுபுறத்தில் புதியதோர் ஒலிமூலமாகிறது. வீட்டுப் பேச்சு கதவிடுக்கு வழியே தெருவுக்கு வருவதும் இதனால்தான்!

துளை மிகுந்தால் ஒலியும் மிகுதியாகக் கடக்கும் என்று எண்ணத் தோன்றும். ஸ்பெயின் நாட்டு வலென்சியா ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவு வேறு. நீருக்குள் நிறுத்திய உலோகத் தகட்டில் ஒழுங்கான இடைவெளியில் துளையிட்டபோது, ஒலியின் அலைநீளம் அவ்விடைவெளியை ஒட்டியிருந்த நிலையில், துளையில்லாத தகட்டினும் மிகுதியாக அது ஒலியைத் தடுத்தது. ஓட்டைக் குடம் நீரைக் காத்த விந்தை! துளைதோறும் சிதறும் அலைகள் ஒன்றையொன்று தணித்ததன் விளைவு அது.

கவிஞர்க்கு இதனால் ஆவது என்ன? 'பட்டு' என்னும் சொல்லில், டகர ஒற்றுக்காக நாநுனி அண்ணத்தைத் தொட்டு நிற்கும் அச்சிறு பொழுதில் ஒலியே இல்லை. தொல்காப்பியர் மெய்க்கு அளித்த அரை மாத்திரை, வல்லொற்றில் பெரும்பாலும் அமைதியே. பட்டினைப் 'படு'வினின்று பிரிப்பதில் அந்த அமைதிக்குப் பெரும்பங்கு உண்டு. எதிரொலி மிகுந்த மண்டபத்தில் முன்னெழுந்த அகரத்தின் வால் நீண்டு அவ்விடைவெளியை நிரப்பிவிடும். ஒற்றுத் தேயும், எதுகை குலையும், வல்லொற்றை நம்பிக் கட்டிய வெண்பாவே முதலில் அடிபடும். அப்போது ஒலிபெருக்கியை இன்னும் உயர்த்துவதே வழக்கம். அதனால் எதிரொலியும் சேர்ந்தே உயர்கிறது.

மருந்து துளைத் தகட்டில் உண்டு. தகட்டைச் சுவரினின்று சற்று விலக்கி அமைத்தால், துளைக்காற்று தக்கையாகவும் பின்னுள்ள காற்று சுருள்வில்லாகவும் இயங்கும். துளையோரத்து உராய்வில் ஒலியாற்றல் வெப்பமாகும். துளையை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்தால் பஞ்சும் நாரும் இன்றியே தகடு ஒலியை உண்ணும் என்பதைச் சீன அறிஞர் மா தா-யூ 1975-இல் கணித்துக் காட்டினார்.

1992-இல் ஜெர்மனியின் பான் நகரில் நாடாளுமன்றத்துக்குப் புதிய அவை திறக்கப்பட்டது. வட்ட வடிவம், கண்ணாடிச் சுவர்கள்; கண்ணுக்கு விருந்து. பேச்சுத்தான் விளங்கவில்லை! உறுப்பினர்கள் பழைய இடத்துக்கே திரும்பினர். பின்னர், நுண்துளையிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடுகளைக் கண்ணாடியின் முன் பொருத்தியே அவையை மீட்டனர்.

இங்கோ, மேடைக்குப் பட்டுத்திரையும் மலர்வளைவும் உண்டு. சுவரை நினைப்பார் இல்லை. கவியரங்குக்கு மண்டபம் பார்க்கச் செல்வோர், மேடையில் ஒருவரை நிறுத்தி 'பட்டு' என்றும் 'படு' என்றும் சொல்லச் செய்து, கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுப் பார்க்கலாம். வாடகை பேசுவது அதன் பிறகு ஆகட்டும்.