சொல்தாவாக வந்தவர், ஜெனரலாகப் போனவர்

பழைய பிறப்புப் பதிவின் மதிப்பைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி எந்த முன்னோர் புதுக் குடும்பப் பெயர் எடுத்தார், 1962-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குத் தந்த கைமாற்ற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் வீட்டில் யார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார் என்று மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) நடையாய் நடந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. இந்த ஊர் வழியாக ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பூர்வீகத்தைத் தேடிப் போகலாம். அந்த அதிகாரி ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதுதான் வேடிக்கை!

பெயர் க்ளோத் மார்த்தேன். ஆங்கில ஏடுகளில் கிளாட் மார்ட்டின். தேடுபவர் இரண்டு பெயரிலும் தேடியாக வேண்டும். 1735-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். அப்பா பீப்பாய் செய்கிறவர். பிரெஞ்சுக் கம்பெனிப் படையில் சேர்ந்து, 1752-இல் வெறும் சொல்தாவாக, அதாவது சாதாரணச் சிப்பாயாக, புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஆளுநர் துய்ப்ளேக்சின் காலம் அது. ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம்.

1760-இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை ஊரை வளைத்தது. உள்ளே சாப்பாடு இல்லை. ஆளுநர் லாலியை விரும்பியவர்களும் அதிகம் இல்லை. பலர் எதிர்ப்பக்கம் தாவினார்கள். மார்த்தேனும் தாவினார். 1761 ஜனவரி 16-இல் ஊர் விழுந்தது. கோட்டையும் வீடுகளும் தரைமட்டமாயின. பிறகு லாலிக்குப் பாரிசில் தலை போயிற்று, 1766-இல். படையை விட்டு ஓடிய சொல்தாவோ பதவி பதவியாக ஏறிக்கொண்டிருந்தார். துரோகி என்று தீர்ப்புச் சொல்வது எளிது. பட்டினி கிடந்தவர்களிடம் கேட்டால் வேறு தீர்ப்புக் கிடைத்திருக்கும்.

வங்காளத்தில் நில அளவை, பிறகு லக்னோவில் அவத் நவாபின் ஆயுதக் கிடங்குப் பொறுப்பு. வியாபாரமும் வட்டியும் சேர்ந்து பெரும் பணக்காரர் ஆனார். 1795-இல் மேஜர் ஜெனரல். 1800 செப்டம்பரில் லக்னோவில் இறந்தார்.

இப்படிப்பட்டவரின் குடும்பத்தை எங்கே தேடுவது? பிறப்புக்கு லியோன் தேவாலயப் பதிவேடு. படை வாழ்வுக்கு, வங்காளப் படை அதிகாரிகளைப் பற்றி ஹாட்சன் தொகுத்த நான்கு தொகுதிகள். கம்பெனி ஆட்சிக்கால ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் மாகாணவாரியாக இருக்கின்றன. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளின் படிகள் தென் பிரான்சில் எய்க்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஆனால் இவற்றில் திருமணப் பக்கத்தைப் புரட்டிப் பயனில்லை. மார்த்தேன் திருமணம் செய்துகொள்ளவே இல்லை. அவர் வீட்டின் கதை வெளிப்படுவது இறந்த ஆண்டில் எழுதிய நீண்ட உயிலில்தான். புலோன் லீஸ் என்ற பெண்ணை ஒன்பது வயதுச் சிறுமியாக விலைக்கு வாங்கியதை அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். படிக்கவைத்ததாகவும், வேறொருவரை மணந்துகொள்ளச் சொல்லியும் அவள் தன்னோடு இருக்கவே விரும்பியதாகவும் எழுதுகிறார். எழுதியது அவர் கை என்பதைப் படிப்பவர் மறக்கக் கூடாது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் வளர்ந்த ஜுல்பிகர் என்ற சிறுவன், ஜேம்ஸ் மார்ட்டின் என்று கிறிஸ்தவப் பெயர் பெற்றான். வேலைக்காரர்களுக்கும் லியோனில் இருந்த உறவினர்களுக்கும்கூட உயிலில் பங்கு உண்டு.

அக்கால அதிகாரிகளில் பலர் இந்தியப் பெண்களோடு வாழ்ந்தார்கள். தேவாலயப் பதிவேட்டில் அந்தப் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிது. சொத்தைப் பங்கு போடும்போதுதான் பெயரைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் வரும். அதனால்தான் இத்தகைய குடும்பங்களைத் தேடுபவர்கள் முதலில் உயிலைக் கேட்பது நல்லது.

எஞ்சிய பணத்தில் கல்கத்தா, லக்னோ, லியோன் மூன்று நகரங்களிலும் பள்ளி தொடங்க வேண்டும் என்பது உயிலின் கட்டளை. உயில் பற்றிய வழக்கு கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அவர் பெயர் தாங்கிய லா மார்ட்டினியர் பள்ளி கல்கத்தாவில் 1836-இல் திறந்தது, லக்னோவில் 1845-இல். லியோன் பள்ளியில் பின்னாளில் படித்த அண்ணன் தம்பி இருவரை உலகம் நன்றாக அறியும்: சினிமாவைத் தந்த லூமியேர் சகோதரர்கள்.

லக்னோ பள்ளி நடப்பது மார்த்தேன் கட்டிய கான்ஸ்டான்ஷியா மாளிகையில். அவர் உடலை அதன் நிலவறையில்தான் அடக்கம் செய்தார்கள். லியோனில் பிறந்து, சாதாரணச் சிப்பாயாக இந்தியா வந்து, மேஜர் ஜெனரலாக இறந்தவர் என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னதும் அவரே. 1857 கலகத்தில் அந்தக் கல்லறையை உடைத்து எலும்புகளைச் சிதறடித்தார்கள். பிறகு திரட்டி மீண்டும் அடக்கினார்கள். புலோன் லீஸ் அவருக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்தப் பெண்ணின் கல்லறையும் அதே பள்ளி வளாகத்தில்தான் இருக்கிறது.