கையிலுள்ள ஒற்றன்

(ஜமுனாமரத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியைப்பற்றியும் ஐக்கியத்தைப்பற்றியும் எமக்கு முன் பேசிய பெரியார்கள் விரிவாக எடுத்துரைத்துவிட்டனர். எமக்கு மிஞ்சியது, இச்சபையோர் சட்டைப்பைகளிலும் சேலை முந்தானைகளிலும் ஒளிந்திருந்து, அவர்கள் பேசுகையில் இடையிடையே கூவிக்கொண்டிருந்த கைப்பேசி ஒன்றே. ஆதலின் அதனைப்பற்றிச் சில வார்த்தை கூறத் துணிந்தோம். அஃது இப்பொழுதும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடுமாதலால் மரியாதையுடனேயே பேசுவோம்.

பண்டை அரசர் ஒற்றரை வைத்து ஆண்டனர். திருவள்ளுவரும் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அந்நாளில் ஒற்றனுக்குக் கூலி கொடுத்தவன் அரசன்; ஒற்றறியப்பட்டவன் ஒரு காசும் செலவிட்டதில்லை. நாமோ சாமை விற்ற பணத்தையும் புளி விற்ற பணத்தையும் சேர்த்து ஒற்றனை விலைக்கு வாங்குகிறோம்; மாதந்தோறும் கட்டணம் கட்டுகிறோம்; மின்சாரம் ஊட்டுகிறோம்; இரவில் தலைமாட்டிலேயே படுக்க வைக்கிறோம். தன் செலவில் தன்னை வேவு பார்த்துக்கொண்ட பிரஜைகள் சரித்திரத்தில் நாமே முதல்வர்.

இவ்வொற்றன் அறிந்துகொள்வதுதான் யாது? நாம் எழும் நேரம், உறங்கும் நேரம், சந்தைக்குச் சென்ற வழி, அங்கு நின்ற இடம், பேசிய மனிதர், தேடிய மருந்து, பார்த்த படம், படத்தைப் பாதியில் நிறுத்திய நிமிஷம் ஆகிய இவையெல்லாம் அதில் ஏற்றிவைத்திருக்கும் செயலிகள் வாயிலாக எங்கோ உள்ள கம்பெனிகளின் கணக்கில் ஏறுகின்றன. நம் இல்லத்தரசியார் அறியாத சில விஷயங்களும் அதில் உண்டென வாலிபர் சிலர் முகத்திலிருந்து ஊகிக்கிறோம். மேலும் விசாரிக்க விரும்பவில்லை.

இங்கு இரண்டு தப்பெண்ணங்களை நீக்குவது அவசியம். வானத்துச் செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பர் சிலர். நமது ஜவ்வாது மலைக் காவலூரில் 1968ஆம் ஆண்டு முதல் தொலைநோக்கி வைத்து வானத்தை ஆராய்ந்து வருகின்றனர். யுரேனஸ் கிரகத்திற்கு வளையங்கள் உண்டென்பதை 1977ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்திய அவதானங்களுள் இம்மலையில் செய்தவையும் சேரும். வானத்தைப் பார்த்த மலையை இப்பொழுது வானம் பார்க்கிறது என்று சொல்வது அழகாய் இருக்கும், ஆனால் உண்மையன்று. இடங்காட்டும் செயற்கைக்கோள் தன் இருப்பையும் நேரத்தையும் பறைசாற்றுவதோடு சரி. கேட்பவர் யாரென அதற்குத் தெரியாது. அவ்வொலிபரப்பைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது கைப்பேசி; அதனைப் பிறருக்கு ஓதுவது அதிலுள்ள செயலி. குற்றவாளி வானத்தில் இல்லை, மடியில் இருக்கிறான்.

மற்றொன்று, வீட்டில் பேசியதையெல்லாம் கைப்பேசி ஒட்டுக்கேட்டு விளம்பரம் அனுப்புகிறது என்பது. இஃது எங்கும் நடப்பதாக நிரூபிக்கப்படவில்லை. ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையும் அதற்கு அதிகமில்லை. நாம் தேடியது, நம் மைத்துனர் தேடியது, இருவரும் ஒரே கூரையின்கீழ் இரவைக் கழித்தது ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தாலே வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்குமென அது சொல்லிவிடும். நம் முன்னோர் ஒடிந்த புல்லையும் பதிந்த குளம்பையும் கண்டே, பன்றி எப்பொழுது சென்றது, குட்டி உடனிருந்ததா என்று சொல்லவில்லையா? பன்றி வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அடி பார்த்து வேட்டையாடிய நமது அடியையே இன்று பிறர் பார்க்கின்றனர் என்பதுதான் காலத்தின் விநோதம்.

அந்த அடிச்சுவடுகளுள் ஒன்றுக்குக் குக்கீ என்று பெயர். மேனாட்டார் தின்னும் பணியாரத்தின் பெயர் அது. 1994ஆம் ஆண்டில் லூ மோன்டுல்லி என்னும் அமெரிக்கர் இதனை ஏற்படுத்தினார். இணையக் கடை, வந்தவரை மறுமுறை அடையாளங் காண்பதற்காக நமது யந்திரத்திலேயே ஒரு சிறு சீட்டை வைத்துப்போகும் ஏற்பாடு இது. கூடையில் எடுத்து வைத்த சாமான் மறந்துபோகாதிருக்க இஃது உபயோகமே. ஆனால் நாளடைவில், கடைக்காரன் மட்டுமன்றிக் கடைச் சுவரில் விளம்பரம் ஒட்டியவனும் சீட்டு வைக்கத் தொடங்கினான். அதே விளம்பரக்காரன் ஆயிரம் கடைகளில் ஒட்டியிருப்பானாகில், நாம் ஆயிரம் கடைகளில் ஏறி இறங்கியதையும் அறிவான். "சம்மதமா?" என்று கேட்டு ஒரு பொத்தானைக் காட்டுகிறார்கள், நாம் சினிமாப் பாட்டுக் கேட்கும் அவசரத்தில் அழுத்திவிடுகிறோம். நிலப்பத்திரத்தில் ரேகை வைக்குமுன் நாலு பேரைக் கேட்கும் நாம், இதில் ஒரு நாளைக்கு நாற்பது முறை ரேகை வைக்கிறோம்.

"நம்மிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமே!" என்று பெரியவர் ஒருவர் எம்மை வினவினார். நல்ல கேள்வி. நம் ஊரில் ஒரு வீட்டில் கோழி அடித்தால் மறு வீதியில் விருந்தாளி யாரென்று சொல்லிவிடுவர். ஆயினும் ஒரு பேதம் உண்டு. நம்மை அறிந்த அயலாரை நாமும் அறிவோம். அவர் நம்மைப்பற்றிப் பொய் சொன்னால் ஊர்ப் பெரியவர்முன் நிறுத்தலாம். அவர் வீட்டுக் கதையும் நம்மிடம் இருப்பதால் அவர் வாய்க்கும் ஓர் அளவு உண்டு. கம்பெனிக்காரன் நம்மை அறிவான். நாமோ அவனை அறியோம். அவன் கணக்கில் பிழை எழுதினாலும் எந்தத் திண்ணையில் போய் வழக்குரைப்பது? ஒருபுறம் மட்டும் திறந்திருக்கும் கதவுக்கு உறவு என்று பெயரில்லை.

ஒருவர் நம்மைக் கணக்கில் எழுதுவதால் என்ன கேடு விளையும் என்பதைத் தமிழ்நாடு முன்னமே அறிந்திருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ஆம் ஆண்டில் பிறந்து, 1911ஆம் ஆண்டில் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்ததே குற்றமென வைத்து, பெயரைப் பதிந்து, விரல்ரேகை பிடித்து, இரவில் தம் வீட்டில் உறங்கும் உரிமையையும் பறித்தார்கள். ஜனங்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். மதுரை ஜில்லா உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை வைக்க மாட்டோமென நின்ற ஜனங்கள்மீது போலீசார் சுட்டனர். பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். சென்னை ராஜதானியில் அச்சட்டம் ஒழிய 1947ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் அன்று உயிரைக் கொடுத்து மறுத்த ரேகையை நாம் இன்று கேட்டவுடன் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்றென்று சொல்லோம். ரேஷன் அரிசிக்கு வைக்கும் ரேகை வேறு, குற்றவாளியெனப் பதியும் ரேகை வேறு. ஆனால் ரேகை கேட்பவனை "எதற்கு?" என்று கேட்கும் சுபாவம் அவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்கது.

நம் மலைக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர தேசத்துச் சேஷாசலக் காட்டில் இருபது தமிழ்க் கூலிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவருள் இம்மலைப் பிள்ளைகளும் இருந்தனர் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு யாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மரம் வெட்டப் போனவன் எவன், கோயிலுக்குப் போனவன் எவன் என்று பாராமல், ஊர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஏற இறங்கப் பார்க்கப்படும் வேதனையை நம்மில் பலர் அடைந்திருக்கின்றனர். மனிதனைக் கண்ட சிப்பாய்க்காவது, முகத்தைப் பார்த்து மனம் மாற இடமுண்டு. ஊர்ப் பெயரையும் ஜாதியையும் வைத்து யந்திரம் ஒருவனைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்குமாயின், அதற்கு முகம் ஏது, மனம் ஏது? ஆதலின் பிறரைவிட நமக்கே இவ்விஷயத்தில் விழிப்பு அதிகம் வேண்டும்.

சட்டம் நமக்கு முற்றும் கைகொடாமல் இல்லை. கே. எஸ். புட்டசாமி என்னும் ஓய்வுபெற்ற நீதிபதி தொடுத்த வழக்கில், 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் வந்த மற்றொரு தீர்ப்பு, சர்க்கார் உதவிகளுக்கு ஆதாரை ஏற்றுக்கொண்ட போதிலும், வங்கிக் கணக்குக்கும் செல்பேசி இணைப்புக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அதனைக் கட்டாயமாக்கலாகாது என்றது. 2023ஆம் ஆண்டில் பார்லிமெண்டு தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. தவறிழைக்கும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வசதி தரவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டலாகாது. விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தன. கம்பெனிகளின் பெரும்பான்மைக் கடமைகளுக்கு அன்றிலிருந்து பதினெட்டு மாதத் தவணை அளிக்கப்பட்டது. நம்மை வேவு பார்க்கத் தவணை எதுவும் அவர்கள் கேட்டதாக நினைவில்லை.

இனி நம் வீட்டுக் குற்றங்களுக்கு வருவோம். அந்தரங்கம் தனி ஒருவன் சொத்து என்று எண்ணுவது பிழை. 2018ஆம் ஆண்டில் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், பேஸ்புக் கம்பெனி தானே தந்த கணக்கு ஒன்று உண்டு. இந்தியாவில் அந்தச் செயலியை ஏற்றுக்கொண்டவர் 335 பேர். அவர்களுடைய சிநேகிதர் என்ற ஒரே காரணத்தால் விவரம் போயிருக்கக் கூடியவர் 5,62,120 பேர். பந்தியில் ஒருவன் இலை போட, ஊரே எச்சிலான கதை! நமக்குத் தெரிந்த ஒரு வாலிபன், தங்கையின் கல்லூரிச் செலவுக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் கொஞ்சம் கடன் வாங்கினான். அச்செயலி அவனுடைய முகவரிப் புத்தகம் முழுவதையும் அள்ளிக்கொண்டது. தவணை தப்பியதும் அவன் மாமனுக்கும், ஆசிரியருக்கும், பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டாருக்கும், "இவன் மோசக்காரன்" என்று செய்தி பறந்தது. கடன் அவனுடையது; மானம் குலத்தினுடையதாயிற்று. கடன் செயலிகள் முகவரிப் புத்தகத்தைத் தொடலாகாதென ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டிலேயே கட்டளையிட்டிருப்பதை அவன் அறிந்திலன். அறிந்திருந்தால் அஞ்சி ஒடுங்கியிருக்க மாட்டான்.

மற்றொரு குற்றவாளி நமது சங்கமே. கோபிக்கலாகாது. நம் பத்திரிகையின் மணமக்கள் பகுதியில் பெண்ணின் பெயர், பிறந்த தேதி, படிப்பு, சம்பளம், தகப்பனார் கைப்பேசி எண் யாவும் அச்சிடுகிறோம். அப்பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப் கூட்டங்களில் உலவவிடுகிறோம். அவ்வாறு பெயர் வந்த ஒரு தகப்பனார் எம்மிடம் சொன்னார்: "ஐயா, மூன்று மாதத்தில் கல்யாண மண்டபம் நாலு வந்தது, நகைச்சீட்டு ஆறு வந்தது, சமையற்காரர் இருவர் வந்தனர், மாப்பிள்ளைதான் வரவில்லை." சிரித்தோம். பின்பு அவர், நள்ளிரவில் முகந்தெரியாத ஆடவர் சிலரும் அழைப்பதாயும், மகள் அழுததாயும் சொன்னபொழுது சிரிப்பு அடங்கிற்று. வெளியாரைக் குறை கூறுமுன் நம் முற்றத்தைப் பெருக்குவோம்.

ஆகவே சபையோர்க்கு யாம் விண்ணப்பிப்பன சில:

முதலாவது, நகலெடுக்கும் கடையில் ஆதாரையும் ஜாதிச் சான்றிதழையும் விட்டு வராதீர்கள். அனுப்பிய கோப்பை அவர் யந்திரத்தினின்று அழித்ததைக் கண்ணால் கண்டு வாருங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் கிடைக்கிறது. போதுமான இடங்களில் அதையே கொடுங்கள்.

இரண்டாவது, கூலிப் பணம் எடுக்கையில், "ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள்" என்று சொன்னால், வைக்குமுன் ரசீதைக் கேளுங்கள். வேண்டாத வேளையில் ஆதாரின் ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதியுண்டு.

மூன்றாவது, டார்ச்சு விளக்குச் செயலி நம் இருப்பிடத்தையும் முகவரிப் புத்தகத்தையும் கேட்குமாயின், விளக்கேற்ற வந்தவனுக்குப் பெட்டிச் சாவி எதற்கென்று மறுத்துவிடுங்கள்.

நான்காவது, மோசம் போனால் வெட்கப்பட்டு மூடிவைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

ஐந்தாவது, நம் பத்திரிகையில் இனிப் பெண்களின் பிறந்த தேதியும் எவருடைய கைப்பேசி எண்ணும் அச்சிடாமல், எண் மட்டும் இட்டு, விசாரிப்போர் சங்கக் காரியதரிசி வாயிலாகவே விசாரிக்க வேண்டுமென்று ஒரு தீர்மானத்தை இச்சபையின்முன் வைக்கிறோம். இதனால் வரன் குறையுமென அஞ்ச வேண்டாம், குறைவது நகைச்சீட்டே.

நம் மலையில் சில ஊர்களில் பாறைமேல் ஏறினாலன்றிக் கைப்பேசிக்கு அலை எட்டாது என்று நெடுங்காலமாகக் குறைபட்டு வருகிறோம். அக்குறை தீரவேண்டும்; பிள்ளைகளின் படிப்புக்கும் பிரசவ வேளைக்கும் அஃது அவசியம். கோபுரம் வரட்டும். அது வருமுன் நமக்குக் கொஞ்சம் விவேகம் வந்துவிடட்டும் என்பதே எமது பிரார்த்தனை. வீட்டுக்குத் தாழ்ப்பாள் வைப்பது அயலார் எல்லோரும் திருடர் என்பதாலன்று. இது நம் வீடு என்பதால்.