சினைக்குள் சேரும் நஞ்சு

 

மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்று மார்க்கம் நமக்கு எளிதாக்கித் தந்திருக்கிறது. ஆனால் உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூயதாகவும் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். சட்டியில் கொதிக்கும் மீன் எந்த நீரில் வளர்ந்தது என்று எத்தனை வீடுகளில் கேட்கிறார்கள்? அதனால்தான் இன்று செலினியம் என்னும் பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1817இல் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் கண்டறிந்த தனிமம் இது. இதனை வெறும் நஞ்சு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 55 மைக்ரோகிராம் தேவை. 400ஐத் தாண்டலாகாது என்பது அமெரிக்க அறிஞர்கள் வகுத்த வரம்பு. தேவைக்கும் தீங்குக்கும் இடையே அவ்வளவு குறுகிய வெளிதான் இருக்கிறது. மீஸான் என்னும் தராசைப் பற்றி அடிக்கடி கேட்டிருக்கும் நமக்கு இது புரியாததல்ல.

நிலக்கரியிலும் அதனைச் சூழ்ந்த பாறையிலும் செலினியம் உறைந்து கிடக்கிறது. பாறையை உடைத்து மலைபோல் குவிக்கும்போது காற்றும் மழையும் பட்டுக் கரைந்து ஓடைக்கு வருகிறது. கரியை எரித்த சாம்பலிலிருந்தும் வருகிறது. நீரில் இருப்பதைவிடப் பல நூறு மடங்காகப் பாசி அதனைத் தன்னுள் சேர்த்துக்கொள்ள, பாசியிலிருந்து புழுவுக்கும் பூச்சிக்கும், அங்கிருந்து மீனுக்கும் அது ஏறிச் செல்கிறது.

தாய்மீனைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. செலினியம் கந்தகத்தின் இடத்தைப் பிடித்துப் புரதத்தில் அமர்ந்துகொண்டு, சினையின் மஞ்சள் கருவுக்குள் போய்ச் சேர்கிறது. பொரித்த குஞ்சு அந்தக் கருவை உண்டு வளரும்போது முதுகெலும்பு வளைகிறது, வயிறு நீர்கோத்து வீங்குகிறது, தாடை கோணுகிறது. செத்து மிதக்கும் மீனும் இல்லை, நாற்றமும் இல்லை. சில ஆண்டுகளில் வலை வெறுமையாக வரும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று. 1970களில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்து நீர் அதில் கலந்தது. அங்கிருந்த 20 வகை மீன்களில் 16 வகை முற்றாக அழிந்தன. பாதிக்கப்படாமல் தப்பியது கொசுமீன் ஒன்றே. நம் ஊர்க் கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்ன விடுகிறார்களே, அதே கம்பூசியா. ஏரி நீரில் இருந்த செலினியமோ லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் 0.01 மில்லிகிராம் என்பதும் அதே அளவுதான்! குடிநீர்ச் சோதனையில் தேறிய நீரில் மீன் குலம் அற்றுப் போகலாம் என்பதை ஊன்றிக் கவனியுங்கள்.

கனடாவில் எல்க் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவுப் பாறையிலிருந்து செலினியம் ஆற்றில் கலந்ததற்காக, 2021இல் டெக் நிறுவனத்துக்கு 6 கோடி கனடிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2012இல் நடந்த மாசுக்கு 2021இல் தீர்ப்பு!

நம் பக்கம் வருவோம். நெய்வேலி சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. பாசனத்துக்கு அந்த நீரை நம்பியிருக்கும் உழவர்கள் பலர். அவர்களிடம் அதனைக் குறை சொல்வது எளிதன்று. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் ஆய்வு மையமும் நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளின் நீரையும் மண்ணையும் ஆய்ந்து அறிக்கை வெளியிட்டன. வடக்கு வெள்ளூரில் பாதரசம் வரம்பைப்போல் 250 மடங்கு வரை இருந்ததாக அதில் கூறப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதனை விசாரணைக்கு எடுத்தது. நிலக்கரிச் சாம்பலில் பாதரசத்தோடு உடன் வருவதுதான் செலினியம்.

மரக்காணத்து மக்களே, நெய்வேலி நீர் பரவனாறு வழியே கடலூர்ப் பக்கம் போகிறது. நம் கழுவெளிக்கு வருவதில்லை. பிறகு நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் நம் சொந்தங்கள் இருக்கிறார்கள். ஏரி மீன் சந்தைக்கு வந்துவிட்டால் அதில் ஊர் பெயர் எழுதியிருப்பதுமில்லை.

உப்பளத்தில் உழைப்பவருக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. பாத்தியில் நீர் போகும், உப்பு நிற்கும். கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் குளங்களில் வயல் வடிகால் நீர் தேங்கி வற்ற வற்றச் செலினியம் நின்றது. 1983இல் அங்கே அலகு கோணிய, கண்ணில்லாத பறவைக் குஞ்சுகளைக் கண்டார்கள். ஓடும் நீரைவிடத் தேங்கும் நீரில் ஆபத்து அதிகம். அதனால்தான் 2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஆற்றுக்கு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் என்றும், ஏரிக்கு 1.5 என்றும் வரம்பு வகுத்தது. அதற்கும் மேலாக மீன் சினையில் உள்ள அளவையே முதன்மையாகக் கொண்டது.

கழுவெளியும் தேங்கும் நீர்தான். 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் மீன் உண்பதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் வாலாஜா ஏரியிலும் பெருமாள் ஏரியிலும் நீரை மட்டும் அள்ளிப் பார்ப்பது போதாது. சினை மீனைப் பிடித்து, சினையைச் சோதிக்க வேண்டும். இதனை மீன்வளத் துறையிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்தில் கேளுங்கள். சோதனை முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. கடலூர் மாவட்டத்தில் உறவினர் உள்ளவர்கள் அன்றைக்கு இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி இப்போதே அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.